யூனியன்ல சேர்ந்தா வெளி வரி ஏறுமா, இறங்குமா?

கேள்வி: சார் வணக்கம். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில டாக்குமென்டேஷன் பாக்குறேன், வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. நாங்க சரக்கு அனுப்புற ஒரு நாடு பக்கத்து நாடுகளோட சேர்ந்து கஸ்டம்ஸ் யூனியன் ஆகப்போகுதுன்னு பையர் சொல்றாரு. அவங்களுக்குள்ள வரி போயிடும், அது புரியுது. ஆனா வெளில இருந்து போற எங்க சரக்குக்கு டியூட்டி ஏறுமா இறங்குமா? "பழைய வரிகளோட சராசரி எடுப்பாங்க, மொத்தத்துல ஏறக்கூடாதுன்னு டபிள்யூ.டி.ஓ. விதி இருக்கு"ன்னு ஒரு இடத்துல படிச்சேன். எங்க முதலாளி "ஆள் சேர்ந்தா கை ஓங்கத்தான் செய்யும், வரியும் ஏறத்தான் செய்யும்"ங்கறாரு. யார் சொல்றது சரி சார்? அடுத்த வருஷ கொட்டேஷன் போடணும்.

பதில்:

வணக்கம் தம்பி. நீங்க படிச்ச விதி உண்மைதான், உங்க முதலாளி பேச்சுலயும் விஷயம் இருக்கு, ஆனா ரெண்டையும் வச்சு ஒரு கொட்டேஷன் கூட போட முடியாது. ஏன்னா ரெண்டு பேரும் மொத்த வரியப் பத்தி பேசுறீங்க, நீங்க அனுப்பப்போறது ஒரே ஒரு ஹெச்.எஸ். கோடு, அதாவது சுங்கத்துல ஒவ்வொரு வகை சரக்குக்கும் குடுத்திருக்கற எண். அந்த ஒரு கோடுக்கு, சேரப்போற நாடுகள்ல யாரோட ரேட்ட பொது ரேட்டா எடுத்தாங்கன்னு பாக்கணும், அவ்வளவுதான் கேள்வியே. அதுக்கு பதில் தெரிஞ்சா மீதி எல்லாம் தானா தெரிஞ்சிடும்.

முதல்ல ஒரு சின்ன வித்தியாசம், நிறைய பேர் குழப்பிக்கறது. ஃப்ரீ டிரேட் ஏரியான்னா உள்ளுக்குள்ள வரி கிடையாது, ஆனா வெளியாளுக்கு அவங்கவங்க பழைய வரியே தொடரும், அதனாலதான் அங்க சரக்கு எங்க உற்பத்தியாச்சுன்னு ஒரிஜின் சர்டிஃபிகேட் கேட்டு உயிர வாங்குறாங்க, இல்லாட்டி எல்லாரும் வரி கம்மியான நாட்டு துறைமுகத்துல இறக்கி பக்கத்து நாட்டுக்கு ஓட்டிடுவாங்க. கஸ்டம்ஸ் யூனியன்ல அந்தத் தொல்லையே வேணாம்னு எல்லாரும் சேர்ந்து வெளியாளுக்கு ஒரே வரி வைக்கறாங்க. அத பொது வெளிவரின்னு சொல்வாங்க. ஒரே வரின்னு ஆயிட்டா யாராவது நகர்ந்துதானே ஆகணும்? ஒரு நாட்டுல உங்க சரக்குக்கு 5 சதவீதம், இன்னொரு நாட்டுல 25 சதவீதம்னு வச்சுக்கோங்க. பொது வரி 15ன்னு முடிவானா முதல் நாட்டுல உங்களுக்கு மூணு மடங்கு ஏறுச்சு, ரெண்டாவது நாட்டுல 10 பாயிண்ட் இறங்குச்சு. சராசரி மாறவே இல்லன்னு அறிக்கை வரும், முதல் நாட்டுக்கு மட்டும் சரக்கு அனுப்பிட்டு இருந்தவனுக்கு வயித்தெரிச்சல்தான் மிச்சம்.

இப்ப நீங்க படிச்ச விதி. அது காட் ஒப்பந்தத்தோட, அதாவது டபிள்யூ.டி.ஓ.ங்கற உலக வர்த்தக அமைப்போட சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தோட, 24வது ஷரத்து, 5வது பத்தி. யூனியன் வந்தப்புறம் வெளியாளுக்கு இருக்கற வரியும் கட்டுப்பாடுகளும், "மொத்தத்துல பாக்கும்போது", யூனியனுக்கு முன்னாடி இருந்தத விட அதிகமா இருக்கக்கூடாதுங்குது. அந்த "மொத்தத்துல"ங்கற வார்த்தைய வச்சே பல வருஷம் சண்டை போட்டாங்க. கடைசில 1994ல ஒரு விளக்கம் எழுதி சேர்த்தாங்க, அதுல எடையிட்ட சராசரி வரியும் வசூலான டியூட்டித் தொகையும் வச்சு கணக்குப் போடணும், அதுவும் புத்தகத்துல உச்சவரம்பா எழுதி வச்ச வரி இல்ல, நிஜமா வசூலிக்கற வரின்னு தெளிவு பண்ணாங்க. நல்ல விஷயம்தான். ஆனா எடையிட்ட சராசரிங்கறதுல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, எவ்வளவு இறக்குமதி வருதோ அதுதான் எடை, ஒரு பொருளுக்கு எவனும் அனுப்ப முடியாத அளவு வரி போட்டு வச்சிருந்தா இறக்குமதியே இருக்காது, எடையும் பூஜ்யம் பக்கம் போயிடும், அப்ப அந்த கொடூரமான வரி சராசரிக் கணக்குலயே தெரியாது. இந்தக் கணக்குல பாஸ் ஆன யூனியன் உங்க சரக்குக்கு கருணை காட்டும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

எனக்கே இதுல அடி பட்டிருக்கு, சொல்றதுல வெக்கமில்ல. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கிளையண்டுக்கு "பயப்படாதீங்க, யூனியனோட சராசரி பழைய சராசரிய விட கம்மி"ன்னு அழகா ஒரு நோட் போட்டுக் குடுத்தேன். சராசரி கம்மிதான். அவர் பொருள் மட்டும் உள்நாட்டுத் தொழில காப்பாத்தணும்னு போட்ட லிஸ்ட்ல போய் உக்காந்திருந்துச்சு, நான் அந்த இணைப்புத் தாள திருப்பிக்கூட பாக்கல. அதுக்கப்புறம் சராசரிங்கற வார்த்தைய கிளையண்ட் முன்னாடி எடுக்கறதே இல்ல.

நிஜத்துல சராசரி எடுத்த ஒரு பெரிய யூனியன் உண்டு, ஐரோப்பா. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்த ஆரம்பிச்ச 1957 ரோம் உடன்படிக்கைல பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூணும் சேர்ந்த பெனலக்ஸ் ஒண்ணு, மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலின்னு நாலு சுங்கப் பிரதேசம், 1957 ஜனவரி 1 அன்னிக்கு இருந்த வரிகள கூட்டி நாலால வகுத்தாங்க, எடை எதுவும் பாக்காத சாதா சராசரி. அதுலயும் மூலப்பொருள் மாதிரி சிலதுக்கு தனியா உச்சவரம்பு வச்சாங்க, சில பொருளுக்கு கணக்கே வேணாம், உக்காந்து பேசி முடிவு பண்ணலாம்னு தனி லிஸ்ட்ல தள்ளிட்டாங்க. என்ன ஆச்சு? பிரான்சும் இத்தாலியும் அதிக வரி போட்டவங்க, அவங்களுக்கு இறங்குச்சு. பெனலக்ஸும் ஜெர்மனியும் கம்மி வரிக்காரங்க, அவங்களுக்கு பல பொருள்ல ஏறுச்சு. 1968 ஜூலை 1ல யூனியன் முழுசா வந்தப்ப வெளி வரி மேடு பள்ளம் கம்மியாகி, நாலு பிரதேசத்துக்கும் ஒரே பட்டியலா ஆயிருந்துச்சு. நெதர்லாந்துல ராட்டர்டாம் துறைமுகத்துக்கு சரக்கு விட்டுட்டிருந்தவனுக்கும் இத்தாலில ஜெனோவாவுக்கு விட்டுட்டிருந்தவனுக்கும் இது ஒரே செய்தி கிடையாது.

அப்ப கம்மி வரிக்கார நாடு "இதுக்கு மேல போட மாட்டேன்"னு டபிள்யூ.டி.ஓ.ல எழுதிக் குடுத்திருந்தா? அத பவுண்ட் ரேட்டுன்னு சொல்றோம். அந்த உச்சவரம்ப தாண்டி பொது வரி போனா அதே 24வது ஷரத்தோட 6வது பத்தி வேலை செய்யும், பாதிக்கப்பட்ட நாட்டோட உக்காந்து பேசி ஈடு குடுக்கணும், அதாவது வேற ஏதாவது பொருள்ல வரிய குறைக்கணும். மத்த உறுப்பு நாடுகள் அதே பொருளுக்கு வரிய குறைச்சிருந்தா அதையும் ஈடா கணக்குல எடுத்துக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, நடைமுறைல அடிதடிதான். 1962ல ஐரோப்பா பொது விவசாயக் கொள்கைய கொண்டு வந்தப்ப மேற்கு ஜெர்மனிக்கு போய்ட்டிருந்த அமெரிக்க கோழிக்கு வரி எகிறிடுச்சு, பேச்சு ஒத்து வரல, அமெரிக்கா பதிலுக்கு பிராந்தி, ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், அப்புறம் சின்ன டிரக்குன்னு நாலு பொருள் மேல வரி போட்டுச்சு. அந்த 25 சதவீத டிரக் வரி 1964ல ஆரம்பிச்சது, கோழிய எல்லாரும் மறந்தாச்சு, வரி மட்டும் இன்னும் போகல. 1986ல ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள வந்தப்பவும் இதே கதை. ஸ்பெயினுக்கு போய்ட்டிருந்த அமெரிக்க மக்காச்சோளத்துக்கு வழி அடைபட்டது, ஐரோப்பிய ஜின், பிராந்தி, சீஸ் மேல 200 சதவீதம் போடுவோம்னு அமெரிக்கா மிரட்டுச்சு, 1987 ஜனவரில ஒரு வழியா சமாதானம், ஸ்பெயின் நாலு வருஷத்துக்கு வருஷம் 20 லட்சம் டன் மக்காச்சோளமும் 3 லட்சம் டன் சோளமும் வெளில இருந்து வாங்கிக்கணும்னு.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, ஈடு கிடைச்சது அரசாங்கத்துக்கு. உங்க பொருள்ல வரி ஏறினதுக்கு உங்க நாடு ஈடு வாங்கினாலும் அது வேற எவனோ அனுப்புற வேற ஏதோ பொருள்ல வரும். மிரட்ட சக்தி இல்லாத நாட்டுக்காரனுக்கு அதுவும் வராது, பேச்சு மேசைலயே பேர் இருக்காது.

ஐரோப்பா மாதிரி உக்காந்து வகுத்துப் பாத்து சராசரி எடுத்தது அபூர்வம். பெரும்பாலும் வீட்ல யார் பெரியவரோ அவர் ரேட்டுதான் எல்லாருக்கும். 1834ல ஜெர்மானிய ராஜ்யங்கள் சேர்ந்து ஸோல்ஃபெராயின்னு ஆரம்பிச்சாங்களே, அந்த யூனியனுக்கு அடிப்படையே அதுல பெரிய ராஜ்யமான பிரஷ்யாவோட 1818 வரிப் பட்டியல்தான். நம்ம காலத்துல பாத்தா ரஷ்யா, கஜகஸ்தான், பெலாரஸ் 2010ல பொது வரி கொண்டு வந்தாங்க, பொது வரின்னு பேரு, பெரும்பாலான பொருளுக்கு ரஷ்ய ரேட்டு. கஜகஸ்தானோட சாதா சராசரி 6, 7 சதவீதம் அளவுல இருந்தது ஒரே தாவுல 11 பக்கம் போயிடுச்சு. கஜகஸ்தான்காரன் வெளிலேருந்து கம்மி விலைக்கு வாங்கிட்டிருந்தத விட்டுட்டு ரஷ்யச் சரக்குக்கு மாற வேண்டியதாச்சு. இந்த மாதிரி, நல்ல சப்ளையர விட்டு வரி இல்லாத காரணத்துக்காக மட்டும் பங்காளிகிட்ட வாங்கறத பொருளாதார நிபுணர் ஜேக்கப் வைனர் 1950லயே எழுதி வச்சாரு, வர்த்தகத் திசைதிருப்பல்னு. வெளி வரி எவ்வளவு உசரமோ அவ்வளவு திசை திரும்பும். உங்க சரக்கு 5 சதவீதம் கட்டி ஜெயிச்சுட்டிருந்த இடத்துல இப்ப 15 கட்டி பூஜ்யம் கட்டுறவனோட போட்டி போடணும், ரெண்டு பக்கமும் இடி.

எதிர்த் திசைலயும் நடக்கும். துருக்கி 1996லேர்ந்து ஐரோப்பாவோட யூனியன், விவசாயத்த விட்டுட்டு முக்கியமா தொழில் சாமான்கள்ல. இங்க பெரியவர் வரி கம்மி, அதனால துருக்கி தன் வரிய இறக்கிட்டு வந்துச்சு, வெளியாளுக்கும் லாபம். வளைகுடா நாடுகள் 2003ல யூனியன் போட்டப்ப பொது வரி 5 சதவீதம். சவூதி அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே 12லேர்ந்து 5க்கு இறக்கியாச்சு, அமீரகம் 4லேர்ந்து 5க்கு ஏத்துச்சு. அங்க ஒரு பாயிண்டுக்கெல்லாம் யாரும் அழல.

கிழக்கு ஆப்பிரிக்கா இன்னொரு மாதிரி. 2005ல ஆரம்பிச்சப்ப மூலப்பொருளுக்கு 0, பாதி முடிஞ்ச சரக்குக்கு 10, முழுசா முடிஞ்ச சரக்குக்கு 25ன்னு மூணு படி. 2022ல நாலாவது படி 35 வந்துச்சு. இதுக்கு மேல சென்சிடிவ் லிஸ்ட்டுன்னு ஒண்ணு, உள்நாட்டுக்காரன காப்பாத்த கூடுதல் வரி போடற பொருள்கள், சர்க்கரை 100 சதவீதம், அரிசி 75ன்னு அதுல இருக்கும். அதோட வேடிக்கை என்னன்னா, ஒவ்வொரு பட்ஜெட் சீசன்லயும் உறுப்பு நாடுகள் "இந்த வருஷம் இந்தப் பொருளுக்கு பொது வரிய எனக்கு மட்டும் நிறுத்தி வைங்க"ன்னு கேட்டு வாங்கி கெஜட்ல போட்டுக்கும், ஜூன் கடைசில அந்த கெஜட்டுக்காக காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்குத்தான் தெரியும் பொது வரி எவ்வளவு பொதுன்னு.

சரி, உங்க முதலாளி வாதத்துக்கு வருவோம், அத தள்ளிவிட முடியாது. பெரிய சந்தை வரி போட்டா வெளில இருக்கற விக்கிறவன் விலைய இறக்கித்தான் ஆகணும், சின்ன நாடு போட்டா அவன் வேற இடத்துக்கு போயிடுவான். பத்து சின்ன நாடு சேர்ந்தா ஒரு பெரிய சந்தை, அப்ப வரி ஏத்தற ஆசையும் வரும், ஏத்தி லாபம் பாக்கற பலமும் வரும். இன்னொண்ணு, தனியா இருந்தப்ப ஒரு நாடு தன் வரியால பக்கத்து நாட்டு தொழிலுக்கு என்ன லாபம்னு யோசிக்காது, யூனியன்ல அதையும் சேர்த்து யோசிக்கும், அதுவும் ஏத்தற பக்கம்தான் தள்ளும். கோட்பாடு இதுவரைக்கும் முதலாளி பக்கம்.

ஆனா முர்ரே கெம்ப், ஹென்றி வான்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 1976ல காட்டினது என்னன்னா, எந்த நாடுகள் யூனியன் போட்டாலும், வெளியாளோட நடக்கற வியாபாரம் அப்படியே பழைய அளவுல இருக்கற மாதிரி ஒரு பொது வரிய தேர்ந்தெடுக்க முடியும், உள்ள இருக்கறவனும் நஷ்டப்பட மாட்டான் வெளில இருக்கறவனும் நஷ்டப்பட மாட்டான். முடியும்ங்கறது வேற, செய்வாங்கங்கறது வேற, எந்த நிதி மந்திரியும் கெம்ப்-வான் படிச்சிட்டு வரி போடறதில்ல. நடைமுறைல ஏத்தற ஆசைக்கு தடை போடறது பவுண்ட் ரேட்டுதான். அதுலயும் பவுண்ட் ரேட் 50, நிஜ வரி 10ன்னு இருக்கற நாட்டுல அந்தத் தடை வெறும் கோடு மட்டும்தான், 40 பாயிண்ட் இடைவெளி காலியா கிடக்கு.

முதலாளி யோசிக்காத ஒரு பக்கமும் இருக்கு. ஐரோப்பா ஒரே சந்தையா ஆனவுடனே வெளில மாட்டிக்கிட்டோம்னு அமெரிக்காவுக்கு பயம் வந்துடுச்சு, அந்த பயத்துலதான் காட் நாடுகளோட வரிக்குறைப்புப் பேச்சுவார்த்தைகளான, 1960ல ஆரம்பிச்ச டில்லான் சுற்றும் 1967ல முடிஞ்ச கென்னடி சுற்றும் வேகம் பிடிச்சது, கென்னடி சுற்றுல மட்டும் தொழில் சாமான் வரி கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. கை ஓங்கினவன்கிட்ட எதிராளியும் ஏதாவது குடுத்து வாங்கத்தான் வருவான். ஆக யூனியன் போட்ட நாள் வரி ஒரு கதை, பத்து வருஷம் கழிச்சு வரி இன்னொரு கதை. ஆனா இது எல்லா யூனியனுக்கும் நடக்காது. எஸ்டெவாடியோர்டல், ஃபிராய்ண்ட், ஒர்னெலாஸ்னு மூணு ஆய்வாளர்கள் 2008ல வந்த ஆய்வுல லத்தீன் அமெரிக்க நாடுகளோட 1990லேர்ந்து 2001 வரைக்குமான வரிகள பாத்தாங்க. ஃப்ரீ டிரேட் ஏரியால பங்காளிக்கு வரி குறைச்ச பொருள்ல வெளியாளுக்கும் பின்னாடியே குறைச்சிருக்காங்க, கஸ்டம்ஸ் யூனியன்ல அந்தப் பழக்கத்த காணோம். யோசிச்சா புரியும், தனியா இருந்தா ஒரு நாடு நினைச்சவுடனே குறைக்கலாம், யூனியன்ல எல்லாரும் தலையாட்டணும்.

இத நான் ரொம்ப முக்கியமா நினைக்கறேன். யூனியன் வரி ஏறுதோ இறங்குதோ, உறைஞ்சு போயிடும். பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே சேர்ந்த மெர்கோசூர் யூனியன் 1995ல பொது வரி வச்சுச்சு, பொதுவா 20 சதவீதம் வரைக்கும், காருக்கு 35. உருகுவே கொஞ்சம் திறக்கலாம்னு எவ்வளவு வருஷமா கேக்குது, மொத்தமா 10 சதவீதம் குறைக்கறதுக்கே, அதாவது 20ல 2 பாயிண்ட், 2022 வரைக்கும் இழுத்துச்சு, அதுலயும் கார், ஜவுளின்னு விலக்கு. அதே பிரிட்டன் ஐரோப்பாவ விட்டு வெளிய வந்ததும் 2021 ஜனவரி 1லேர்ந்து சொந்த வரிப் பட்டியல் போட்டு, 2 சதவீதத்துக்கு கீழ இருந்த உதிரி வரிகள ஒரே நாள்ல தூக்கிப் போட்டுச்சு. உங்க பையர் நாட்டுல வரி அதிகம், அடுத்த பட்ஜெட்ல குறைப்பாங்கன்னு இவ்வளவு நாள் காத்திருந்தீங்கன்னா, யூனியனுக்கு அப்புறம் அந்த ஆசைய கொஞ்சம் தள்ளி வைங்க.

வரிய மட்டும் பாத்துட்டு உக்காந்துடாதீங்க. துருக்கி ஐரோப்பாவோட சேர்ந்தப்ப ஐரோப்பா மாதிரியே நாங்களும் செய்யணும்னு சொல்லி 1996லேர்ந்து இந்தியாவோட 19 வகை ஜவுளி மேல அளவுக் கட்டுப்பாடு போட்டுச்சு. இந்தியா டபிள்யூ.டி.ஓ.ல வழக்கு போட்டு 1999ல ஜெயிச்சுது, யூனியன் அமைக்க அந்த கோட்டா தேவையில்ல, ஒரிஜின் பாத்து பிரிச்சுக்க வழி இருந்துச்சேன்னு மேல்முறையீட்டு அமைப்பு கேட்டுது. ஆண்டி டம்பிங், அதாவது சொந்த நாட்டு விலைய விட கம்மியா வெளில விக்கறாங்கன்னு போடற கூடுதல் வரி, இன்னும் மோசம், ஐரோப்பாவுக்குள்ள ஒரு நாடு புதுசா வந்தா அங்க ஏற்கனவே உங்க பொருள் மேல இருக்கற டம்பிங் டியூட்டி அன்னிக்கே அந்தப் புது நாட்டுக்கும் தானா பரவிடும், விசாரணை கிடையாது. சாதா வரி 8லேர்ந்து 4 ஆச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டு 30 சதவீத டம்பிங் டியூட்டில மாட்டுறதுக்கு இதுதான் வழி.

உங்க கொட்டேஷனுக்கு வருவோம். உங்க பையர் நாட்டோட இப்ப இருக்கற டேரிஃப் புக்க எடுங்க, உங்க கோடோட நிஜ வரியையும் பவுண்ட் ரேட்டையும் எழுதுங்க. அப்புறம் யூனியனோட பொது வரிப் பட்டியல், அது வரைவா இருந்தாலும் பரவால்ல, அதுல அதே கோடு. ஹெச்.எஸ். கோடு ஆறு இலக்கம் வரைக்கும்தான் உலகம் முழுக்க ஒண்ணு, அதுக்கு மேல அவங்கவங்க இஷ்டம், யூனியன் புதுசா எட்டாவது பத்தாவது இலக்கத்துல பிரிக்கும்போது பழைய ஒரு கோடு மூணா உடையும், அதுல எதுல நீங்க விழறீங்கங்கறதே வரி ஏற்றமா இருக்கலாம், ரேட்டு மாறின மாதிரியே தெரியாது. அடுத்து விலக்கு லிஸ்ட், படிப்படியா மாத்தற அட்டவணை. கஜகஸ்தான் 2015ல டபிள்யூ.டி.ஓ.ல சேர்ந்தப்ப குடுத்த வாக்கு காரணமா ஆயிரக்கணக்கான கோடுக்கு யூனியன் வரிய விட கம்மி வரி வச்சிருக்கு, ஆனா அந்தச் சரக்கு ரஷ்யாவுக்குள்ள போகக்கூடாது. அந்த மாதிரி விலக்குல உங்க பையர் இருந்தா, அவர் பக்கத்து நாட்டுக்கும் சேர்த்து ஸ்டாக் வைக்கலாம்னு போடற கணக்கு நடக்காது, கேட்டுக்கோங்க. உங்க நாட்டுக்கு அந்த யூனியனோட பெரிய உறுப்பினர் ஏற்கனவே ஏதாவது சலுகை வரி குடுக்குதான்னும் பாருங்க, சில சமயம் சேர்ற நாடு அந்தச் சலுகைத் திட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கும், அப்ப உங்களுக்கு லாட்டரிதான்.

வரி சதவீதமா இல்ல கிலோவுக்கு இவ்வளவுன்னா, அதையும் பாக்கணும், கிலோ கணக்கா மாறிட்டா கம்மி விலைச் சரக்கு அனுப்புறவனுக்குத்தான் அதிகம் அடிக்கும்.

கொட்டேஷன்ல இப்போதைக்கு பழைய வரிய வச்சே விலை போடுங்க, ஆனா யூனியன் நடைமுறைக்கு வர்ற தேதிக்கு அப்புறம் கிளியர் ஆகற சரக்குக்கு டியூட்டி வித்தியாசம் யார் தலைலன்னு ஒரு வாக்கியம் எழுத்துல வாங்கிடுங்க. பொதுவா பில் ஆஃப் லேடிங் (கப்பல்ல சரக்கு ஏத்தினதுக்கு குடுக்கற ஆவணம்) தேதிய பாக்க மாட்டாங்க, அங்க சுங்க டிக்ளரேஷன் போடற அன்னிக்கு என்ன ரேட்டோ அதுதான், கப்பல் நாலு நாள் லேட்டானா கூட வேற வரி. உங்க பொருள் என்னன்னு எழுதவே இல்லயே தம்பி, அடுத்த லெட்டர்ல பொருள் பேரும் கோடும் போடுங்க, ஆறு இலக்கத்தோட நிறுத்தாம முழுசா.